ஆளைப் பார்க்க வேண்டாம், மாவைப் பாருங்கள்: ‘லீன்’ பற்றி ஓர் எளிய விளக்கம்

திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் போன மாசம் காதில் விழுந்த பேச்சு. “எங்க கம்பெனியில லீன் கொண்டு வரப் போறாங்களாம்” என்றான் யூனிஃபார்ம் சட்டை போட்ட பையன் ஒருத்தன். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைக்காமலே, “அப்ப எத்தன பேருக்குச் சீட்டு கிழியப் போகுதுன்னு பாத்துக்கோ” என்றார்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனிகளில் பதினாறு வருஷம் புரொடக்‌ஷனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். ‘லீன்’ என்பது வேலையில் வீணைக் குறைக்கும் ஓர் உற்பத்தி முறை. ஆனால் மேனேஜர் வாயில் ‘லீன்’ என்றால் செலவுக் குறைப்பு. தொழிலாளி வாயில் ஆள் குறைப்பு. ஆடிட் வரும் வாரத்தில் அது தரையில் அடிக்கும் மஞ்சள் பெயின்ட். மூன்றுமே விஷயத்தின் ஓரத்தைத்தான் தொடுகின்றன.

வேலை நடக்கும் இடத்தில் போய் நின்றால் நம் கண் தானாக ஆளைத்தான் தேடும். யார் சும்மா நிற்கிறார், யார் கை வேகமாக ஓடுகிறது என்று பார்க்கும். லீன் அந்தக் கண்ணைத் திருப்பிப் பொருளின் மேல் வைக்கச் சொல்கிறது. இந்த இரும்புத் துண்டு, இந்த உருண்டை மாவு, இந்த விண்ணப்பத் தாள் உள்ளே வந்ததிலிருந்து வெளியே போகிற வரைக்கும் எங்கெங்கே சும்மா கிடந்தது? இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் மற்றதெல்லாம் பிறக்கிறது.

கல்யாணப் பத்திரிகைக் கணக்கு

வீட்டில் கல்யாணம். கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம். மைனி பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும், தம்பி கவரில் போட வேண்டும், நான் விலாசம் எழுத வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பத்திரிகைக்கு ஒரு நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பத்திரிகை முடிய எவ்வளவு நேரம் ஆகும்?

வழக்கமாக நாம் செய்வது இது: மைனி பத்தையும் தடவி முடித்துக் கட்டாகத் தம்பியிடம் தள்ளுவார். தம்பி பத்தையும் கவரில் போட்டு என்னிடம் தள்ளுவான். இந்தக் கட்டுக்குத்தான் தொழிற்சாலையில் ‘பேட்ச்’ என்று பெயர். பத்தும் பத்தும் பத்தும் முப்பது நிமிஷம். முழுசாக முடிந்த முதல் பத்திரிகை கைக்கு வருவதே 21-ஆவது நிமிஷத்தில்தான்.

இப்போது மைனி ஒன்றைத் தடவியதும் உடனே தம்பியிடம் கொடுக்கட்டும், தம்பி போட்டதும் என்னிடம் கொடுக்கட்டும். முதல் பத்திரிகை 3-ஆவது நிமிஷத்தில் முடிந்துவிடும். பத்தாவது 12-ஆவது நிமிஷத்தில். யார் கையும் கூடுதலாக ஓடவில்லை, ஆளும் குறையவில்லை. மிச்சமான 18 நிமிஷம் எங்கிருந்து வந்தது? முதல் முறையில் ஒவ்வொரு பத்திரிகையும் கூட இருக்கும் ஒன்பதுக்காகக் காத்துக் கிடந்தது. அந்தக் காத்திருப்பை எடுத்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு லாபம் ஒளிந்திருக்கிறது. மஞ்சளைத் தண்ணியாகக் குழைத்துவிட்டால் பத்திரிகை கவரோடு ஒட்டிக்கொள்ளும். கட்டுக் கட்டாகச் செய்தால் முந்நூறு பத்திரிகை தடவி முடித்த பிறகுதான் அது தெரியும். ஒவ்வொன்றாகக் கை மாறினால் இரண்டாவது நிமிஷத்திலேயே தம்பி கத்திவிடுவான்: “மைனி, ஈரமா இருக்கு, ஒட்டுது!” கெட்டது ஒன்றோ இரண்டோதான்.

“முதல் முறையில நீங்க ரெண்டு பேரும் சும்மாதானே இருந்தீங்க? அத யாரும் கவனிக்க மாட்டாங்களா?” என்று கேட்கலாம். வீட்டில் கவனிப்பார்கள். தொழிற்சாலையில் நடப்பது வேறு. அங்கே அந்த நேரத்தில் எனக்கு வேறொரு கட்டு வந்து சேர்ந்திருக்கும். தம்பிக்கும் அப்படியே. எல்லோர் கையும் ஓடிக்கொண்டிருக்கும். ஆளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் சூப்பர்வைசருக்கு எல்லாம் சரியாக நடப்பதாகத்தான் தோன்றும். காத்துக் கிடப்பது பத்திரிகை, அதற்கு வாயில்லை.

எத்தனை கிடக்கிறதோ அத்தனை நேரம்

பொருள் உள்ளே நுழைந்து வெளியே போகும் வரை ஆகும் மொத்த நேரத்துக்கு ‘லீட் டைம்’ என்று பெயர். இது எதனால் நீளுகிறது என்பதற்கு ஓர் எளிய விதி உண்டு. ரேஷன் கடை வரிசையில் உங்களுக்கு முன்னால் 30 பேர், ஆளுக்கு 2 நிமிஷம் என்றால் உங்கள் முறை வர 1 மணி நேரம். பில் போடுகிறவர் எவ்வளவு சுறுசுறுப்பானவர் என்று அலசுவதற்கு முன்னால் வரிசையின் நீளமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது.

தொழிற்சாலையிலும் அதே கணக்குதான். மணிக்கு 100 சாமான் வெளியே போகிறது, நடுவழியில் அங்கங்கே 600 கிடக்கிறது என்றால், இப்போது உள்ளே நுழையும் ஒன்று வெளியே வர 6 மணி நேரம் ஆகும். நடுவில் கிடப்பதை 200 ஆக்கினால் 2 மணி நேரம். இதைக் கணித முறையில் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தார். அதனால் ‘லிட்டில் விதி’ என்கிறார்கள்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: நேரம் பெரும்பாலும் காத்திருப்பில் போகிறது. சிறு கட்டாக நகர்த்தினால் காத்திருப்பு குறையும், தப்பும் சீக்கிரம் மாட்டும். கை வேகத்தைக் கூட்ட வேண்டிய பேச்சே இன்னும் வரவில்லை.

தறியிலிருந்து வந்த யோசனை

இதெல்லாம் கார் கம்பெனியில் பிறந்த யோசனை என்பார்கள். வேர் தறியில் இருக்கிறது. வீரவநல்லூரில் கைத்தறி நெய்கிறவரைப் பார்த்திருந்தால் தெரியும்: இழை அறுந்தால் கை தானாக நின்றுவிடும், முடிச்சுப் போட்ட பிறகுதான் அடுத்த இழை. விசைத்தறிக்கு அந்தப் புத்தி கிடையாது, அறுந்தது தெரியாமல் துணியைக் கெடுத்துக்கொண்டே போகும். ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் இழை அறுந்தால் தானே நின்றுவிடும் விசைத்தறிகளைச் செய்தார். 1924-இல் வந்த ‘ஜி’ வகைத் தறி அதில் பேர் போனது. ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. தப்பு நடந்தால் உடனே நிற்பது என்ற இந்தக் குணத்துக்குப் பெயர் ‘ஜிடோகா’.

அவர் மகன் கிச்சிரோ 1937-இல் டொயோட்டா மோட்டார் கம்பெனியைத் தொடங்கினார். டொயோடா குடும்பத்தின் நூற்பு, நெசவுக் கம்பெனியில் 1932-இல் சேர்ந்து 1943-இல் மோட்டார் பக்கம் மாறியவர் தாயிச்சி ஓனோ. போருக்குப் பிறகு ஜப்பானில் கையில் காசு இல்லை, சந்தை சின்னது, கேட்கும் வண்டிகளோ பல வகை. அமெரிக்காக்காரன்போல ஒரே வகையை மலை மலையாகச் செய்து குவிக்க வழியில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, கேட்டதை மட்டும் செய்தாக வேண்டிய நெருக்கடி. அந்த நெருக்கடிதான் ஓனோவுக்குக் குரு.

வாங்குகிறவர் காசு கொடுக்கத் தயாராக இல்லாத எதையும் அவர் வீண் என்றார். ஜப்பானிய மொழியில் அது ‘முடா’. கொஞ்சம் இழுத்துச் சொன்னால் நம்ம ஊர் வசவு ஆகிவிடும், பயிற்சி வகுப்பில் ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும். ஏழு வகை முடாவை ஓனோ எண்ணினார். காத்திருப்பு, சாமானை அங்கும் இங்கும் தூக்கிக்கொண்டு அலைவது, தேவைக்கு மேல் இழைப்பது, குவித்து வைப்பது, ஆள் வீணாக நடப்பது குனிவது, பழுது, இவற்றோடு அளவுக்கு மேல் செய்து தள்ளுவது. கடைசியில் சொன்னதைத்தான் அவர் மிக மோசம் என்றார். மற்ற ஆறையும் மூடி மறைப்பது அதுதான்.

‘லீன்’ என்ற பெயர் ஜப்பானில் வைத்ததல்ல. ஜான் கிராஃப்சிக் என்ற அமெரிக்கர் 1988-இல் ஒரு கட்டுரையில் அப்படி எழுதினார். தமிழில் சிலர் ‘மெலிந்த உற்பத்தி’ என்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மெலிவு என்றால் நம் காதுக்குச் சோறில்லாமல் வாடிய உடம்பு. இங்கே சொல்ல வருவது கட்டான உடம்பு: ஊளைச்சதை இல்லை, பலம் குறையவும் இல்லை.

வாசலில் காலி கேன்

அளவுக்கு மேல் செய்யாமல் இருப்பது எப்படி? எவ்வளவு போதும் என்று யார் சொல்வது? பாளையங்கோட்டையில் எந்தத் தெருவுக்கும் காலையில் போய்ப் பாருங்கள். வாசலில் 20 லிட்டர் காலி தண்ணீர் கேன் நிற்கும். வண்டிக்காரர் யாரிடமும் கேட்பதில்லை. காலி கேன் இருந்தால் நிறைந்ததை வைத்துவிட்டுக் காலியை எடுத்துப் போகிறார். இல்லாவிட்டால் தாண்டிப் போகிறார். வீட்டில் இரண்டே கேன் என்றால், என்ன ஆனாலும் இரண்டுக்கு மேல் தண்ணீர் அந்த வீட்டில் குவியாது.

அந்தக் காலி கேன்தான் ‘கன்பான்’. டொயோட்டாவில் அது ஓர் அட்டை. அடுத்த கட்டத்தில் இருப்பவர் சாமானை எடுத்துக்கொண்டால் அட்டை பின்னால் போகும். அட்டை வந்தால் மட்டுமே முந்தைய கட்டம் செய்யும். அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் எடுத்த இடத்தை மட்டும் திரும்ப அடுக்கி வைக்கும் முறைதான் ஓனோவுக்குத் தூண்டுகோல். இப்படி அடுத்த கட்டம் கேட்டு வாங்குவதை ‘இழுப்பு முறை’ என்கிறார்கள். ஆர்டர் சொன்ன பிறகு கல்லில் ஊற்றும் தோசை இழுப்பு முறை. காலையிலேயே இருநூறு தோசை சுட்டு அடுக்கிவிட்டு ஆள் வருவாரா என்று வழி பார்ப்பது தள்ளு முறை.

ஆற்றில் தண்ணீர் வற்றினால்

இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் உவமை ஒன்று உண்டு, நமக்கு அது இன்னும் எளிதாக விளங்கும். தாமிரபரணியில் வெள்ளம் வந்தால் குறுக்குத்துறை முருகன் கோயிலே முங்கிப்போகும். வற்றும்போதுதான் எந்தப் பாறை எங்கே இருக்கிறது என்று தெரியும். கையிருப்புச் சரக்கு அந்த வெள்ளம் மாதிரி. மெஷின் அடிக்கடி நிற்கிறதா, சப்ளையர் நேரத்துக்குத் தருவதில்லையா, பழுது அதிகமா? குடோன் நிறையச் சரக்கு இருந்தால் எதுவும் வலிக்காது. சரக்கைக் கொஞ்சம் குறைத்தால் ஒரு பாறை தலைகாட்டும். அதை உடைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

பலர் தப்பு செய்வது இங்கேதான். பாறையை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் ஒரேயடியாக வடித்து, ‘ஸ்டாக் பாதியாகக் குறைத்தோம்’ என்று ஸ்லைடு போடுவார்கள். படகு தட்டும். டொயோட்டாவே இதில் அடிபட்டிருக்கிறது. 1997 பிப்ரவரியில் ஐசின் என்ற சப்ளையரின் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு அங்கேதான் செய்யப்பட்டது. கையிருப்போ மிகக் குறைவு. டொயோட்டாவின் லைன்கள் சில நாட்கள் நின்றுபோயின. எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது.

சுருக்கமாக: அடுத்த கட்டம் கேட்டால் மட்டுமே முந்தைய கட்டம் செய்ய வேண்டும். கையிருப்பைப் படிப்படியாகக் குறைத்தால் குறை வெளிப்படும். வெளிப்பட்டதைச் சரிசெய்யாவிட்டால் குறைத்தது வம்பாக முடியும்.

சீட்டு கிழியுமா?

அண்ணாச்சிக்கு வருகிறேன். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் எட்டுப் பேர் நின்ற லைனில் பையன்களே உட்கார்ந்து யோசித்து, டிரேயைக் கைக்கெட்டும் இடத்துக்கு மாற்றி, ஆறு பேர் போதும் என்ற நிலைக்குக் கொண்டு வந்தார்கள். கைதட்டி, போட்டோ எடுத்து, கேக் வெட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை கான்ட்ராக்ட் பையன்கள் இரண்டு பேரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த மாசம் யோசனைப் பெட்டியைத் திறந்தது நான்தான். உள்ளே ஒரு கடலைமிட்டாய் பேப்பர் கிடந்தது.

தன் வேலையைத் தானே தின்னும் யோசனையை எவன் சொல்வான்? டொயோட்டா இந்தப் பாடத்தை அடிபட்டுக் கற்றது. விற்காத வண்டியும் பணமுடையுமாக 1950-இல் ஆட்குறைப்பு, பெரிய வேலைநிறுத்தம், கடைசியில் நிறுவனர் கிச்சிரோவே தலைமைப் பதவியிலிருந்து விலக நேர்ந்தது. அதற்குப் பிறகு நிரந்தரத் தொழிலாளர்களுக்கு வேலை உறுதி என்ற புரிதலின் மேல்தான் இந்த முறை முழுதும் எழுந்தது. மிச்சமான ஆளை அடுத்த குறையைச் சரிசெய்ய அனுப்புவதுதான் அங்கே வழக்கம். நம் பக்கம் பல இடங்களில் முறையை இறக்குமதி செய்தார்கள், இந்த உறுதியை மட்டும் கப்பலிலேயே விட்டுவிட்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

‘ஜப்பான்காரனுக்குத்தான் இதெல்லாம் ஒத்துவரும்’ என்பதும் சரியில்லை. நாங்குநேரி பக்கம் திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்தவர் டி.வி. சுந்தரம் அய்யங்கார். அவர் வழிவந்த டிவிஎஸ் குழுமத்தின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவுதான் 1998-இல் தர மேலாண்மைக்கான டெமிங் பரிசை வாங்கிய முதல் இந்திய நிறுவனம். தரமும் லீனும் ஒரே விஷயம் இல்லை, பங்காளிகள் என்று சொல்லலாம்.

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கடுகு

கல்லிடைக்குறிச்சியில் என் மைனி வீட்டோடு அப்பளம் போடுகிறார்கள். ஆறு பெண்கள், பிசைய ஒரு மெஷின், காயப்போட மொட்டைமாடி. மதியத்துக்கு மேல் இடும் அப்பளம் ஓரம் விண்டு உடைசலாகிறது என்று வருத்தப்பட்டார்கள். ஒருநாள் போய் உட்கார்ந்தேன். கையில் போனைப் பார்த்ததும் ஒரு அக்கா கேட்டுவிட்டார்கள்: “என்ன தம்பி, எங்க கை ஓடலன்னு கணக்கெடுக்க வந்தியளாக்கும்?”

“உங்க கையப் பாக்க வரலக்கா. மாவப் பாக்க வந்தேன்” என்று சொல்லி, வெட்டிய உருண்டை ஒன்றில் ஒரு கடுகை அழுத்தி வைத்தேன். அதன் கதை இது. காலை 6.30-க்கு 12 கிலோ உளுந்தமாவும் ஒரே தடவையில் பிசைய ஆரம்பம். 7.50-க்கு என் உருண்டை வெட்டுப்பட்டது. ஈரத்துணிக்கு அடியில் கிடந்தது, கிடந்தது, 11.20-க்குத்தான் பலகைக்கு வந்தது. அரை நிமிஷத்தில் இட்டு முடித்தார்கள். ஐம்பது சேரட்டும் என்று அடுக்கில் முக்கால் மணி நேரம். பிறகு வெயில். சாயங்காலம் கூடைக்குள், மறுநாள் 10 மணிக்கு எண்ணிக் கட்டினார்கள். இருபத்தேழரை மணி நேரத்தில் கை பட்டது மூன்று நிமிஷம்கூட இல்லை.

மீதி முழுதும் வீண் என்று சொல்லிவிடக் கூடாது. பிசைந்த மாவு கொஞ்சம் ஊற வேண்டும். மாடியில் கிடக்கும்போது வெயில் வேலை செய்கிறது. புதிதாக லீன் படித்தவர்கள் அதையும் வெட்டப் பார்ப்பார்கள். வீண் என்பது ஈரத்துணிக்கு அடியில் போன அந்த மூன்றரை மணி நேரம். துணி காயக் காய உருண்டை மேலே தோல் கட்டுகிறது, இடும்போது ஓரம் விண்டுபோகிறது. உடைசலுக்குக் காரணம் யார் கையும் இல்லை.

“அப்ப மூணு தடவையா நாலு நாலு கிலோ பிசைஞ்சா என்ன?” என்றேன். மைனி சிரித்தார்கள். “ஒவ்வொரு தடவையும் மெஷினக் கழுவி, உப்பு, அப்பளக்காரம், பெருங்காயம்னு அளந்து போட இருபத்தஞ்சு நிமிஷம் ஆவும். நீ வந்து கழுவுதியா?”

பெரிய கட்டாகச் செய்வதற்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒரு நியாயமான காரணம் இருக்கும். ஒரு வேலையை முடித்து அடுத்ததற்கு மெஷினைத் தயார் செய்யும் நேரம், ‘மாற்று நேரம்’, நீளமாக இருந்தால் கட்டு பெரிதாகத்தான் ஆகும். ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் இதற்குச் சொன்ன வழி எளிமையானது. மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்து வைக்கக்கூடியது எது என்று பிரித்துவிடு. மைனி அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை. முந்தின நாள் ராத்திரியே நாலு கிலோவுக்கான உப்பும் காரமும் பெருங்காயமும் பொட்டலமாகக் கட்டி வைத்தார்கள், பிசையும் சட்டி இன்னொன்று வாங்கினார்கள். இருபத்தைந்து நிமிஷம் எட்டாகக் குறைந்தது.

முதல் கட்டு சின்னதானதால் இடுவதும் அரை மணி முன்னாலேயே தொடங்கியது, கடைசி அப்பளத்துக்கும் நல்ல வெயில் கிடைத்தது. உற்சாகத்தில் நான் இரண்டு இரண்டு கிலோவாக ஆறு தடவை என்றேன். அது சரிப்படவில்லை. அவ்வளவு கொஞ்ச மாவு மெஷினில் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மறுநாளே நாலு கிலோவுக்குத் திரும்பினோம். பொட்டலக் கணக்கை மைனி சுவரில் கரியால் எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேலை செய்கிறவரே சின்னதாக ஒன்றை மாற்றி, பார்த்து, சரிவந்தால் அதையே வழக்கமாக்கி, வராவிட்டால் விட்டுவிடுவதற்குத்தான் ‘கைசன்’ என்று பெயர். தொடர் மேம்பாடு என்று தமிழில் போர்டு எழுதுகிறார்கள். சுவரில் கரியால் எழுதிய அந்தக் கணக்குதான் ‘ஸ்டாண்டர்ட்’: இன்றைக்குத் தெரிந்த நல்ல வழி, நாளைக்கு அழித்து எழுதலாம். மஞ்சள் கோடும், சாமானைப் பிரித்து அடுக்கிச் சுத்தமாக வைக்கச் சொல்லும் ‘ஃபைவ் எஸ்’ போர்டும் இதற்குத் துணை. சாமான் அதனதன் இடத்தில் இருந்தால் இல்லாதது சட்டென்று தெரியும் என்பதற்காகத்தான் அந்தக் கோடு.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது, எட்டு நிமிஷத்தை ஆறாக்கலாம் என்றார்கள் மைனி. கழுவத் தண்ணீர் எடுக்கப் புறவாசலுக்கு நடப்பதில்தான் நேரம் போகிறதாம், குழாயை மெஷின் பக்கம் இழுக்க வேண்டுமாம். பிளம்பர் வியாழக்கிழமை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.